நாலு செகண்டு பாக்கி

லோகநாதன்: ஒரு பாயிண்டு அண்ணாத்தே! ஒரே ஒரு பாயிண்டு! அதுவும் நம்ம ராயபுரம் பாஸ்கெட்பால் கிரவுண்டுல, நம்ம ஜனத்துக்கு முன்னாடி, அந்த வள்ளூர் பசங்க கிட்ட...

இன்னாசி: ஆட்டோவ எடு மொதல்ல. காத்தாலேர்ந்து இதே பாட்டு. ஐஸ் ஒடைக்கிறவன் சொல்லிட்டான், வலை பின்றவன் சொல்லிட்டான், கூடை தூக்குற பொம்பளைங்கோ சொல்லிட்டாங்கோ. இப்ப நீ.

லோகநாதன்: எங்க எடுக்கறது? முன்னாடி பாரு. ஆர்பருக்குப் போற கன்டெய்னர் லாரிங்கோ. காசிமேட்டுலேர்ந்து க்ளப்பு வாசல் வரைக்கும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்குது.

இன்னாசி: மீட்டிங்கு எத்தினி மணிக்கு?

லோகநாதன்: பதினொண்ணுக்கு. டைம் கீது. க்ளப்பு செக்ரட்டரி டெரிக்கு போட்ட மெசேஜ பாக்கலியா நீ?

இன்னாசி: வூட்ல ஹில்டா படிச்சு சொன்னா.

லோகநாதன்: செக்ரட்டரி ஆனாலும் ஆனான், இன்னா இங்கிலீசு! நீயே படிச்சிருந்தா சிரிச்சிருப்பே.

இன்னாசி: கண்ணாடிய எங்கியோ வச்சிட்டேன். இன்னாதான் போட்டிருந்தான்? அவ பாதிதான் சொன்னா.

லோகநாதன்: வல்லரசு விசயமா முடிவெடுக்கணுமாம். மூணு வருசத்துக்கு டீம்லேர்ந்து தூக்கலாம்னு பேச்சு. நேத்து எண்ணுன இன்னாசியும், துண்டு போட்ட லோகநாதனும் கட்டாயம் வரணுமாம்.

இன்னாசி: நம்ம எதுக்கு?

லோகநாதன்: சாட்சி. தப்பு அவன் மேலதான்னு நம்ம வாயால சொல்லணும். பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்.

இன்னாசி: ம்...

லோகநாதன்: என்ன கேட்டா ரெஃப்ரி மேலதான் தப்புன்னு சொல்வேன். அவன் மூஞ்சே சரியில்ல. மேட்ச்சுக்கு முன்னாடி வள்ளூர்காரனுங்க கூட பஜ்ஜி துன்னுகினு இருந்தான்.

இன்னாசி: நம்ம க்ளப்பு குடுத்த பஜ்ஜிடா அது.

லோகநாதன்: நம்ம பஜ்ஜிய துன்னுட்டு அவனுங்களுக்கு விசில் ஊதுறான் பாரு, அதான் வயிறு எரியுது.

இன்னாசி: காத்து வேற.

லோகநாதன்: அத்த சொல்லு. கடக்காத்து. பந்த நேரா போட்டா பாதிரியாரு வூட்டு பக்கம் போவுது.

இன்னாசி: அவனுங்களுக்கும் அதே காத்துதான் அடிச்சிது.

லோகநாதன்: நீ யாரு பக்கம் அண்ணாத்தே?

இன்னாசி: நான் தோத்தவன் பக்கம். வண்டி நவுருதா?

லோகநாதன்: நவுருது. ஒரு எலி ஓடற அளவுக்கு நவுருது.

இன்னாசி: கோச்சு பாதி மேட்ச்சுல பிரியாணி போட்டான் பாரு, அதுதான் மொத தப்பு. செகண்ட் ஆஃப்ல ஒருத்தனும் ஓடல. அல்லாம் மசக்கைக்காரி மாரி நடந்தானுங்கோ.

லோகநாதன்: அப்பவும் நம்மதான லீடிங்கு? அறுவத்தி ஒண்ணு அறுவது. பந்து யாரு கைல? வல்லரசு கைல. அவன் இன்னா பண்ணணும்? சொம்மா நிக்கணும். பந்த வயித்தோட அணைச்சிகினு நிக்கணும். அவ்ளதான்!

இன்னாசி: தூக்கிப் போட்டான்.

லோகநாதன்: வானத்துல போட்டான் அண்ணாத்தே! கப்பு வாங்குன மாரி ரெண்டு கையாலயும் மேல போட்டு, ஜெர்சிய கயட்டி சுத்தறான். இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க மோளம் அடிக்கிறாங்கோ, வேட்டு வுடறாங்கோ... மேல போன பந்து கீய வருது. அந்த ஒம்போதாம் நம்பர்காரன் பூப்பறிக்கிற மாரி புடிச்சான். ஓடனான். கூடைல போட்டுட்டான். அப்பால அடிக்குது ஹாரன்.

இன்னாசி: தெரியும்டா. நானும் அங்கதான இருந்தேன்.

லோகநாதன்: நாலு செகண்டு பாக்கி இருந்திச்சு. நாலு செகண்டு அண்ணாத்தே.

இன்னாசி: கேட்டுச்சு.

லோகநாதன்: இல்ல... நீ ஜீரோ சொல்லிட்டே. அப்பால நாலு செகண்டு எப்டி பாக்கி வந்துச்சுன்னு டெரிக்கு கேட்டா இன்னா சொல்றது?

இன்னாசி: நீ துண்ட போட்டே. நான் எண்ணுனேன். அவ்ளதான் நமக்குத் தெரியும்.

லோகநாதன்: ஆங்.

இன்னாசி: நீ கரெக்டா பத்துலதான போட்டே?

லோகநாதன்: ஆமா... டேபிள்ல டைம் பாக்கற ஆன்சி டீச்சரு வாச்சுல பத்து வந்துச்சு, போட்டேன். நீ பாத்தல்ல?

இன்னாசி: பாத்தேன், பாத்தேன். செவப்புத் துண்டு. நல்லா தெரிஞ்சுது.

லோகநாதன்: நல்லாவே தெரிஞ்சுதா?

இன்னாசி: பளிச்சுனு.

லோகநாதன்: ...நீ தங்கம் அண்ணாத்தே.

இன்னாசி: இன்னாடா திடீர்னு?

லோகநாதன்: ஒண்ணுமில்ல. சொல்லணும்னு தோணிச்சு.

இன்னாசி: ரோட்டப் பாரு.

லோகநாதன்: ரோட்டுல இன்னா கீது பாக்க? லாரி பின்னாடி சக்கரம்தான். ஆமா, இன்னிக்கி மீன் ஏலத்துல இன்னா கலாட்டாவாம்? தமீம் பாய் கத்திகினு போனாரு.

இன்னாசி: கலாட்டா ஒண்ணுமில்ல.

லோகநாதன்: சங்கரா மீன் கூடைக்கு அவர்தான் வெரல தூக்கினாராம். நீ ரகுபதின்னு கூவி ரகுபதிக்கு குடுத்துட்டியாம்.

இன்னாசி: ரெண்டு பேரும் ஒண்ணா தூக்கினாங்கோ.

லோகநாதன்: ரகுபதி தலைய சொறிஞ்சிகினு இருந்தாராம்.

இன்னாசி: ஏலத்துல நின்னுகினு தலைய சொறிஞ்சா கூடை வூட்டுக்கு வரத்தான் செய்யும். அவருக்கு இன்னா நட்டம்?

லோகநாதன்: அது சரி. ஹில்டா அண்ணி இன்னிக்கி வரலியா? தெனம் ஒன் பக்கத்துலயே நின்னு காதுல இன்னாவோ ஓதிகினு இருக்குமே.

இன்னாசி: தங்கச்சி வூட்டுக்கு போய்க்கிறா.

லோகநாதன்: முப்பது வருசமா ஏலம் வுடற, அண்ணி ஆர்பர் பக்கமே வந்ததில்ல. இப்ப ரெண்டு வருசமா ஒட்டிகினே நிக்குது. வயசான காலத்துல இன்னா லவ்ஸோ!

இன்னாசி: வூட்ல குந்துனா இடுப்பு புடிக்குதாம் அவளுக்கு.

லோகநாதன்: ஜாக்கிரதையா இரு அண்ணாத்தே. ஒன் எடத்துக்கு நாலு பேரு கண்ணு வச்சிகினு கீறாங்கோ. அந்தோணி பெருசுக்கு இன்னா ஆச்சு? கை தூக்குனவன ரெண்டு தபா மாத்தி கூவுனாரு. மறுநாளே எறக்கிட்டாங்கோ. இப்ப வூட்ல குந்திகினு டிவிக்கு ஏலம் வுடறாராம்.

இன்னாசி: ஒனக்கு இன்னிக்கி வேற பேச்சே கெடக்கலியா?

லோகநாதன்: சரி வுடு. இத கேளு. வல்லரசுக்கு வள்ளூர் டீம்ல வேலையோட கூப்புட்டாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. அதான் வேணும்னே தூக்கிப் போட்டான்னு.

இன்னாசி: யாரு சொன்னா?

லோகநாதன்: டீக்கடைல.

இன்னாசி: நீ நம்புறியா?

லோகநாதன்: நான் எதுக்கு நம்பணும்? ஆனா அப்டி ஒரு பேச்சு இருந்தா, நம்ம ரெண்டு பேரையும் ஜாஸ்தி கேக்க மாட்டாங்க பாரு.

இன்னாசி: பத்து வயசுலேர்ந்து அந்தக் கிரவுண்டுல கெடக்கறவன்டா அவன்.

லோகநாதன்: நான் ஒண்ணும் இல்லன்னு சொல்லலியே... அய்யய்யோ. அண்ணாத்தே, ரோட்டோரம் யாரு நிக்கறது பாரு.

இன்னாசி: யாரு?

லோகநாதன்: அதோ, கை காமிக்குது பாரு, பச்சப் பொடவ.

இன்னாசி: யாருன்னு சொல்லேண்டா.

லோகநாதன்: கெங்கம்மா. வல்லரசு அம்மா. நிறுத்தட்டா? வேணாமா?

இன்னாசி: வண்டி நின்னுகினுதான கீது. நீ இன்னாத்த நிறுத்தறது?

கெங்கம்மா: லோகு, க்ளப்புக்குதான? நவுருண்ணே, நானும் வரேன்.

இன்னாசி: வா கெங்கம்மா. குந்து.

லோகநாதன்: யக்கா, டூட்டி இல்லியா இன்னிக்கி?

கெங்கம்மா: காலைல நாலு தெரு கூட்டிட்டு, மேஸ்திரி கிட்ட அர நாள் லீவு சொல்லிட்டு வரேன். குப்ப எங்கியும் ஓடிப் போவாது.

இன்னாசி: பையன் வரலியா?

கெங்கம்மா: அவன் வரல. மூஞ்ச சுவத்து பக்கம் வச்சிகினு படுத்துகினு கீறான். நேத்து மத்தியானம் துன்னதுதான். எங்க வியாசர்பாடி ஹவுசிங்போர்டுல மூணாவது மாடிலேர்ந்து ஒருத்தன் கத்துறான், "வள்ளூர் வல்லரசு"ன்னு.

லோகநாதன்: எவன் அவன்? சொல்லு யக்கா, நான் வந்து...

கெங்கம்மா: வந்து இன்னா பண்ணுவே? நீயும் சேந்து கத்துவே.

லோகநாதன்: நான் கத்துவனா?

கெங்கம்மா: டீக்கடைல கத்துனதா கேள்விப்பட்டேன்.

லோகநாதன்: ...லாரி நவுருது.

இன்னாசி: அந்தப் பையில இன்னா கெங்கம்மா?

கெங்கம்மா: ஜெர்சி. ரெண்டு செட்டு. தோச்சு மடிச்சு எடுத்தாந்தேன். குடுத்துட்டு லெட்டர வாங்கிகினு போலாம்னு.

இன்னாசி: இன்னா லெட்டரு?

கெங்கம்மா: தெரியாத மாரி கேக்கற? வெள்ளிக்கியம ரயில்வே ட்ரையல்ஸ். ஸ்போர்ட்ஸ் கோட்டா. இந்தக் க்ளப்பு டீம்ல எட்டு வருசமா ஆடறான்னு செக்ரட்டரி கையெய்த்து வேணும். டீம்லேர்ந்து தூக்குனா எப்டி கையெய்த்து போடுவான் டெரிக்கு?

லோகநாதன்: அடுத்த வருசம் வரும் யக்கா.

கெங்கம்மா: அடுத்த வருசம் அவனுக்கு வயசு தாண்டிடும். தெனம் யார்டுல கன்டெய்னர் மேல ஏறி எறங்கினு கீறான், கயறு கட்டிகினு. மய பேஞ்சா வயுக்குது. எனக்கு அவன் கீய நின்னு வேல செய்யணும். அவ்ளதான் ஆச.

இன்னாசி: நடக்கும்மா. நடக்கும்.

கெங்கம்மா: ஒண்ணு கேக்கறேன். எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் தெரியாது. அவன் சொல்றதெல்லாம் ஒண்ணுதான். "எண்ணி முடிச்சாங்க, தூக்கிப் போட்டேன்." அவ்ளதான் சொல்றான். யாரு எண்றது? எதுக்கு எண்றது?

லோகநாதன்: அதுவா யக்கா... நம்ம கிரவுண்டுல பெரிய போர்டு கடியாரம் கெட்டுப்போச்சு. பதினஞ்சு வருசம் ஆச்சு. ஸ்கோர் எய்தற டேபிள்ல ஆன்சி டீச்சரு கைல ஒரு வாச்சு, அதான் கணக்கு. ஆடற பசங்களுக்கு அது தெரியாது. அதனால கடைசி பத்து செகண்ட நம்ம அண்ணாத்தே கேலரிலேர்ந்து கத்தி எண்ணுவாரு.

கெங்கம்மா: அந்த டீச்சரே கத்துனா இன்னா?

லோகநாதன்: அவங்க டேபிள் ஆளு, கத்தக் கூடாது. கத்துனாலும் கேக்காது. அண்ணாத்தே கொரலு ஏலத்து கொரலு. போட்ல நிக்கறவனுக்கு கேக்கும். சின்ன வயசுலேர்ந்து பசங்க அந்தக் கொரலக் கேட்டுதான் ஆடறானுங்கோ.

இன்னாசி: ஜீரோ சொன்னா மேட்ச் முடிஞ்சிதுன்னு அர்த்தம்.

கெங்கம்மா: நீ எங்க குந்திருப்பே?

இன்னாசி: டேபிளுக்கு எதிர் கேலரி. மேல் வரிச.

கெங்கம்மா: அங்கேர்ந்து அந்த வாச்சு ஒனக்கு எப்டி தெரியும்?

லோகநாதன்: தெரியாது யக்கா. அதுக்குதான் நான். டீச்சரு பின்னாடி நின்னு வாச்ச பாப்பேன். பத்து வந்ததும் என் தோள்ல கீற செவப்புத் துண்ட எடுத்து கீய அடிப்பேன். அத பாத்து அண்ணாத்தே ஆரம்பிப்பாரு.

கெங்கம்மா: ஓ. அப்டியா?

லோகநாதன்: அப்டித்தான். இத்தினி வருசமா ஒரு தபா தப்புனதில்ல.

கெங்கம்மா: நேத்து?

லோகநாதன்: நேத்து... ஆன்சி டீச்சரு வாச்சுல இன்னாவோ கோளாறுன்னு நெனைக்கிறேன். பேட்டரி.

இன்னாசி: இருக்கும். பேட்டரியா இருக்கும்.

கெங்கம்மா: லீவு சொன்னதும் மொத வேலயா அவங்க வூட்டுக்குதான் போனேன்.

லோகநாதன்: யாரு வூட்டுக்கு?

கெங்கம்மா: ஆன்சி டீச்சரு வூட்டுக்கு. பாவம், அவங்களும் தூங்கல. அந்த வாச்ச என் கைல குடுத்தாங்க. என் செல்லு பக்கத்துல வச்சு அஞ்சு நிமிசம் ஓட வுட்டோம். துளி முன்ன பின்ன இல்ல.

லோகநாதன்: ...சில நேரம் கரெக்டா ஓடும் யக்கா, சில நேரம்...

கெங்கம்மா: அப்பால எங்க தெரு சிவந்தி செல்லுல புடிச்ச வீடியோ கீது. அவ கேமராவ ஆட்டத்து பக்கம் வைக்கல. இன்னாசி அண்ணே கத்துறதுதான் தமாசா இருக்கும்னு கேலரிய புடிச்சிருக்கா. என் பொண்ணு எழில்மொழி வாச்சு வச்சிகினு பன்னெண்டு தபா போட்டுப் பாத்தா.

இன்னாசி: இன்னா பாத்தா?

கெங்கம்மா: பத்துலேர்ந்து ஜீரோ வரைக்கும் நீ எண்ணுனது சரியா பத்து செகண்டு. கூடவும் இல்ல, கொறயவும் இல்ல.

இன்னாசி: பாத்தியா! பாத்தியாடா லோகு! நான் அவசரப்பட்டு எண்ணிட்டேன்னு ஐஸ் ஒடைக்கிற பய சொன்னானே!

லோகநாதன்: நான் ஒண்ணும் அப்டி சொல்லல அண்ணாத்தே.

இன்னாசி: என் எண்ணிக்கைல தப்பு வராது கெங்கம்மா. முப்பது வருசம் வாயால பொயக்கறவன் நான். மனசுல கடியாரம் ஓடும்.

கெங்கம்மா: சரிதான். எண்ணுனது சரி. வாச்சும் சரி. அப்போ ஆரம்பிச்ச நேரம்தான் தப்பு. பதினாலு பாக்கி இருக்கறப்போ பத்துன்னு ஆரம்பிச்சிருக்கே.

லோகநாதன்: இரு யக்கா, லாரி... நவுருதான்னு பாக்கறேன்.

கெங்கம்மா: லோகு, நீ துண்ட எப்ப போட்டே?

லோகநாதன்: பத்துல.

கெங்கம்மா: பதினாலுல போட்டியா?

லோகநாதன்: பத்துல யக்கா! மாதா சத்தியமா... இல்ல, சத்தியம் வேணாம். பத்துலதான்.

கெங்கம்மா: சத்தியத்த ஏன் வாபஸ் வாங்கற?

லோகநாதன்: நான் மாதா கோயிலுக்கு போறவன் இல்லியே, அதான்.

கெங்கம்மா: அண்ணே, நீ சொல்லு. இவன் துண்ட போட்டத நீ பாத்தியா?

இன்னாசி: பாத்தேன்.

கெங்கம்மா: பாத்த ஒடனே எண்ண ஆரம்பிச்சியா?

இன்னாசி: ஒடனே. துண்டு கீய வுய, பத்துன்னு சொன்னேன்.

கெங்கம்மா: அப்போ துண்டு முன்னாடியே வுயிந்திருக்கு.

இன்னாசி: அப்டித்தான் ஆவுது. நான் இன்னா பண்றது? அவன் எப்ப போடறானோ அப்ப ஆரம்பிக்கறேன். இவன் படபடப்பு புடிச்ச ஆளு கெங்கம்மா. நாலு செகண்டு முன்னாடி போட்டிருப்பான்.

லோகநாதன்: அண்ணாத்தே...

இன்னாசி: இன்னா?

லோகநாதன்: இப்டி சொல்றியே.

இன்னாசி: ஒள்ளது அதானே.

லோகநாதன்: ஒள்ளதா? என்ன பாத்து சொல்லு, ஒள்ளதா?

இன்னாசி: எங்க பாக்கறது, நீ முன்னாடி குந்திகினு கீற.

லோகநாதன்: காத்தாலேர்ந்து இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா? எனக்காவ பொய் சொல்றே, நம்ம அண்ணாத்தே நம்மள காப்பாத்துதுன்னு. தங்கம்னேன். வாயால சொன்னனா இல்லியா?

இன்னாசி: சொன்னே. அதுக்கு இன்னா இப்போ?

லோகநாதன்: காப்பாத்தறவன் இப்டியா ஒரே தள்ளா தள்ளி வுடுவான்?

கெங்கம்மா: இரு இரு. இன்னா பொய்யி?

லோகநாதன்: ஒண்ணுமில்ல யக்கா.

கெங்கம்மா: லோகு. என் புள்ள மூணு வருசம் வூட்ல குந்தப் போறான். இன்னா பொய்யின்னு கேட்டேன்.

லோகநாதன்: க்ளப்பு வந்துச்சு. ஓரங்கட்றேன்.

கெங்கம்மா: ஓரங்கட்டு. அப்பறம் சொல்லு. சொல்லாம நான் எறங்க மாட்டேன்.

இன்னாசி: லேட்டாவுது கெங்கம்மா, மேல போயி பேசிக்கலாம்...

கெங்கம்மா: நீ சும்மா இருண்ணே. சொல்லு லோகு.

லோகநாதன்: ...அந்த ஒம்போதாம் நம்பர்காரன் வல்லரசு சட்டய புடிச்சு இய்த்தான் யக்கா. நானே பாத்தேன். ரெஃப்ரி விசில் ஊதல. எனக்கு சுர்ருனு வந்துச்சு. வாச்ச வுட்டுட்டு கோட்டு கிட்ட ஓடிட்டேன், "இன்னாய்யா, கண்ணு தெரியலியா"ன்னு. நம்ம ஜனம் மொத்தமும் எய்ந்து கத்துச்சு. அந்த நேரம் பாத்து அண்ணாத்தே "பத்து"ங்கறாரு. நான் திரும்பி ஓடறதுக்குள்ள "ஆறு"ன்னுட்டாரு.

கெங்கம்மா: துண்டு?

லோகநாதன்: போடல.

கெங்கம்மா: முன்னாடியும் போடல, பின்னாடியும் போடல?

லோகநாதன்: போடவேயில்ல யக்கா. என் தோள்லயேதான் இருந்துச்சு. வூட்டுக்கு போயி சட்டய கய்ட்டறப்பதான் கைல வந்துச்சு. மொதல்ல எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்... அப்பால அண்ணாத்தேக்கும் தெரியும்னு நெனச்சேன். துண்டு வுயாததப் பாத்துட்டும், எனக்கு பேர் கெடக் கூடாதுன்னு பாத்தேன் பாத்தேன்னு சொல்லிகினு கீறாருன்னு...

இன்னாசி: போடவேயில்லியா?

லோகநாதன்: ஒனக்குத் தெரியாதா?

கெங்கம்மா: அண்ணே. துண்டே வுயல. அப்போ நீ இன்னாத்த பாத்து பத்துன்னு சொன்னே?

இன்னாசி: ஒண்ணையும் பாக்கல கெங்கம்மா. ரெண்டு வருசமா எனக்கு துண்டும் தெரியல, டேபிளும் தெரியல. சக்கரைல போன கண்ணு, இனிமே வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. துண்டு வுய்ந்தா அந்தப் பக்கத்து ஜனம் "ஓ"ன்னு ஒரு சத்தம் வுடும், அத கேட்டுகினுதான் எண்ணிகினு இருந்தேன். நேத்து இவன் ரெஃப்ரி கிட்ட ஓடனதுக்கு "ஓ"ன்னாங்க. நான் துண்டு வுய்ந்துடுச்சின்னு ஆரம்பிச்சிட்டேன். ஏலத்துல ஹில்டா காதுல சொல்றது இன்னான்னு நெனச்சீங்கோ? யாரு வெரல தூக்கறான்னுதான். இது வெளிய தெரிஞ்சா நாளைக்கே எறக்கிடுவாங்கோன்னுதான் லோகு மேல போட்டேன், ஒன் புள்ள மேலயும் போடத்தான் கெளம்பி வந்தேன். அந்த ஜெர்சிய வூட்டுக்கே எடுத்துகினு போ, குடுக்காத. கைய புடி கெங்கம்மா, மாடிப்படி இருட்டா இருக்கும். டெரிக்கு கிட்ட நானே சொல்றேன்.